அலுமினியத் தகட்டை எதைக் கொண்டு வெட்டுவது? வீட்டில் விமானம் கட்டுவோருக்கான ஒப்பீடு

வெட்டித் துளையிட்ட பாகங்களோடு வரும் கிட்டை வாங்கியவருக்கு இந்தக் கேள்வி பெரிதாக எழாது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றுத் தகட்டிலிருந்து விமானம் கட்டுபவருக்கோ முதல் நாளிலேயே எழும். சிறு விமானங்களில் பெரும்பாலும் பயன்படுவது 2024-டி3 அல்லது 6061-டி6 கலவைத் தகடு. அதன் கனம் ஏறக்குறைய 0.4 மி.மீ. முதல் 1.6 மி.மீ. வரை இருக்கும். இதை வெட்டாத கருவி அரிது. ஆகவே, எது வேகமாக வெட்டுகிறது என்பதைவிட, வெட்டிய பிறகு விளிம்பை எந்த நிலையில் விட்டுச் செல்கிறது என்பதை வைத்தே கருவிகளை ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிர்வில் நாள்தோறும் உழலும் தகட்டில் விரிசல் பெரும்பாலும் விளிம்பின் ஒரு வெட்டுக்காயத்திலிருந்தோ துளையின் ஓரத்திலிருந்தோதான் தொடங்குகிறது.

நேர்க்கோட்டு வெட்டுக்கு நான் முதலிடம் தருவது, பலரும் நம்பத் தயங்கும் எளிய முறைக்கு: கீறி ஒடிப்பது. அக்ரிலிக் பலகை வெட்டப் பயன்படும் கொக்கிக் கத்தியே இதற்குப் போதும். சாதாரணக் கத்தி உலோகத்தை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும். கொக்கிமுனையோ மயிரிழை போன்ற ஒரு சுருளைத் தோண்டி எடுத்துக்கொண்டே வரும். எஃகு அளவுகோலை இறுகப் பிடித்து, முதல் இழுப்பை அழுத்தமில்லாமல் இழுக்க வேண்டும். தடம் விழுந்த பிறகு கத்தி தானாகவே அதில் ஓடும். தடம் நன்றாக ஆழமானதும், கோட்டை மேசை விளிம்போடு ஒட்டவைத்து மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை மடக்கினால் தகடு கோடு முழுவதும் ஒரே சீராக ஒடிந்துவிடும். கடினப்படுத்திய கலவை என்பதால்தான் இப்படி ஒடிகிறது. மென்மையான தகடு ஒடியாமல் மடிந்துகொண்டே இருக்கும். கழிவு வராது, தகடு நெளியாது, ஓசையும் இல்லை.

இதில் உள்ள ஒரே ஆபத்து கத்தி வழுக்குவது. ஆல்கிளாட் தகட்டில் துருவைத் தடுக்கும் தூய அலுமினியப் பூச்சு, மெல்லிய 2024 தகடுகளில் ஒரு பக்கத்துக்கு மொத்தக் கனத்தில் சுமார் 5 சதவீதம்தான், 0.8 மி.மீ. தகட்டில் அது வெறும் 0.04 மி.மீ. வழுக்கிய கத்தி அதை எளிதில் கிழித்துவிடும். அதனால் அளவுகோலை எப்போதும் நமக்கு வேண்டிய பக்கத்தின் மேல் வைத்து, கத்தியைக் கழிவுப் பக்கத்தில் ஓட்ட வேண்டும்.

வளைவுகளுக்குக் கைக் கத்தரி. சிவப்புப் பிடி இடப்பக்க வளைவுக்கு, பச்சைப் பிடி வலப்பக்க வளைவுக்கு, மஞ்சள் நேர்வெட்டுக்கு என்பது பொது வழக்கம். சிவப்பும் பச்சையும் கையில் இருந்தால், எந்தத் திசையில் வெட்டினாலும் கழிவுப் பக்கமே சுருளும்படியும் பாகம் தட்டையாகவே கிடக்கும்படியும் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கோட்டுக்கு வெளியே தாராளமாக விட்டு வெட்டி, அடுத்த சுற்றில் கோட்டை நெருங்க வேண்டும். அப்போது ஒடுங்கிய துண்டு எதிர்ப்பின்றிச் சுருண்டு விலகும். ஒவ்வொரு கடியிலும் அலகை முழுவதும் மூடக் கூடாது. மூடினால் நுனி நின்ற இடத்தில் குறுக்காக ஒரு சிறு பிளவு விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவுதான் பின்னாளைய விரிசலின் விதை. அலகில் உள்ள பற்களின் தடமும் விளிம்பில் பதியும் என்பதால், கடைசி 1 மி.மீ. அரத்துக்கு உரியது.

மின்கருவிகளில் இரட்டை வெட்டுக் கத்தரிக்கும், தகட்டைத் துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுக்கும் நிப்ளருக்கும்தான் போட்டி. முன்னது இரண்டு பக்க அலகுகளுக்கு நடுவே ஒரு குறுகிய பட்டையைச் சுருட்டி எடுப்பதால் இரு பக்கமும் நெளியாது. பெரிய தகட்டைக் கையாளக்கூடிய துண்டுகளாகப் பிரிக்க இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது. நிப்ளர் எந்தத் திசையிலும் திரும்பும்; நடுவில் திறப்பு வெட்ட உதவும். ஆனால் அது விடும் விளிம்பு அலை அலையாக இருக்கும், அதை அரம் போட்டுச் சமன்செய்யும் நேரம் வெட்டிய நேரத்தைவிட அதிகம். அது உதிர்க்கும் பிறைத் துணுக்குகள் செருப்பின் அடியிலும் மேசைமேலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தகட்டைக் கீறும். திறப்பு வெட்டுவதைத் தவிர வேறெதற்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நீண்ட அலகு மேலிருந்து இறங்கி வெட்டும் கில்லட்டின் கிடைத்தால் நேர்வெட்டுக்கு அதுவே போதும். பேண்ட் ஸா (வளையப் பட்டை ரம்பம்) கனத்த தகட்டுக்கும் கோணப் பட்டைக்கும் ஏற்றது. மெல்லிய தகட்டுக்கு நெருக்கமான பல் வேண்டும், அடியில் ஒட்டுப்பலகை வைக்க வேண்டும், பல்லில் அலுமினியம் அப்பாமலிருக்க மெழுகு தடவ வேண்டும். எஃகுக்கான சாணைச் சக்கரத்தை மட்டும் அருகில் கொண்டுவரக் கூடாது. அலுமினியம் அதன் துளைகளை அடைத்துவிடும், சூடேறும், சக்கரம் சிதறவும் கூடும்.

ஒரே வடிவத்தில் பல ரிப்கள் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) வேண்டியிருக்கும்போது, சுழலும் அலகால் விளிம்பைச் செதுக்கும் ரூட்டருக்கு நிகரில்லை. தகடுகளைக் கத்தரியால் சற்றுப் பெரிதாக வெட்டி, மர டெம்ப்ளேட்டோடு அடுக்காக இறுக்கி, தாங்குருளை பொருத்திய கார்பைடு அலகை டெம்ப்ளேட்டின் விளிம்பையொட்டி, அலகு சுழலும் திசைக்கு எதிராக ஓட்டினால், எல்லா ரிப்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல வரும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஒரே ஒரு பாகத்துக்காக டெம்ப்ளேட் செய்வதோ வீண் உழைப்பு.

எந்தக் கருவியை எடுத்தாலும் உள்மூலைக்கு முறை ஒன்றுதான்: முதலில் மூலையில் துளையிட்டு, அதன் பிறகு இரு கோடுகளையும் அந்தத் துளை வரை மட்டும் வெட்ட வேண்டும். 1954-இல் உடைந்து விழுந்த கோமெட் ஜெட் விமானங்களை ஆராய்ந்தவர்கள், கூரையில் ஆன்டெனாவுக்கான திறப்பின் மூலையருகே உலோகச் சோர்வு விரிசலைக் கண்டார்கள். நம் சிறு விமானத்தின் உள்ளே கோமெட்டில் போலக் காற்றழுத்தம் ஏற்றப்படுவதில்லை. ஆனாலும் மூலையில் தகைவு குவியும் விதி அதற்கும் இதற்கும் ஒன்றுதான்.

கோடு போடப் பென்சில் வேண்டாம். அதன் கார்பன் அலுமினியத்தில் அரிப்பைத் தூண்டும். மெல்லிய முனை மார்க்கரே போதும். வெட்டி முடித்து அரம் போடும்போது, கடைசி இழுப்புகளை விளிம்பின் குறுக்கே அல்லாமல் நீளவாக்கில் இழுத்து, இரு பக்கப் பிசிரையும் நீக்கிவிட்டு, கொஞ்சம் பஞ்சை விளிம்பு நெடுகத் தேய்த்துப் பாருங்கள். ஓர் இழையாவது எங்காவது சிக்கினால், அந்த இடத்துக்கு மறுபடியும் அரம் போட வேண்டும்.