டேட் தாண்டிவிட்டது என்றால், எந்த டேட் என்று கேளுங்கள்

பிரசவத்துக்குப் பார்க்கும் தனியார் மருத்துவமனையில் "டேட் தாண்டியாச்சு, நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க" என்று சொல்லப்பட்டவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஈரோடு பக்கம் எனக்கு நடந்தது. புகார் கொடுத்திருப்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

எனக்கு பிசிஓடி, அதாவது மாதவிலக்கைத் தாறுமாறாக்கும் சினைப்பைப் பிரச்சினை உண்டு. மாதவிலக்கு சில சமயம் நாற்பது நாள் கழித்துத்தான் வரும். டியூ டேட் என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போடுகிற பிரசவத் தேதி. 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு சரிவரும். அதனால்தான் ஆரம்ப ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைச் சரிபார்க்கிறார்கள். வெளியே ஒரு சென்டரில் எடுத்த என் முதல் ஸ்கேன், எட்டு வாரக் கரு என்றது. மாதவிலக்குக் கணக்கில் ஒன்பது வாரம் தாண்டியிருந்தது. இரண்டு டியூ டேட்டுக்கும் இடையே ஒன்பது நாள். அந்தக் கட்டத்தில் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுக்க வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவத்தில் பாலபாடம். ரிப்போர்ட் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஃபைல் அட்டையில் கடைசிவரை பழைய தேதிதான்.

அந்த அட்டைத் தேதி முடிந்து இரண்டாம் நாள் செக்கப். "தண்ணி கொஞ்சம் குறைவா இருக்கு, டேட்டும் தாண்டிடுச்சு, ஜெல் வெச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். ஜெல் என்பது வலி வரவைக்க உள்ளே வைக்கிற மருந்து. ரிப்போர்ட்டில் பனிக்குட நீர் அளவு 9. அது 5-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. "ரெண்டு நாள் பார்க்கலாமா மேடம்?" என்று என் கணவர் கேட்டார். "குழந்தைக்கு ஏதாவது ஆனா நீங்க பொறுப்பா? எழுதிக் கொடுங்க" என்று பதில் வந்தது. இதற்கு மேல் எந்தக் குடும்பம் வாயைத் திறக்கும்? அத்தை அங்கேயே காலண்டரை எடுத்து நல்ல நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஸ்கேன் கணக்குப்படி எனக்கு அன்றைக்கு 39 வாரம்தான்.

மறுநாள் சனிக்கிழமை அட்மிஷன். காலையில் ஜெல், ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு ஜெல். கர்ப்பப்பை வாய் எவ்வளவு பக்குவமாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள், அதற்கு பிஷப் ஸ்கோர் என்று பெயர். என் கேஸ் ஷீட்டில் அந்த இடம் காலி. சிஸ்டர் நீட்டிய சம்மதப் படிவமும் பாதி காலி. சாயங்காலம் லேசாக வலி வந்து போனது. இரவு எட்டு மணிக்கு "ஃபெயில் ஆயிடுச்சு, ஆபரேஷன்தான்" என்றார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாகவே இருந்தது, அதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். பனிக்குடத்தை உடைத்து, வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தை ட்ரிப்ஸில் போட்டு, அதற்கப்புறமும் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் ஃபெயில் என்று சொல்லலாம் என்கின்றன அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகள். எனக்குப் பனிக்குடத்தையும் உடைக்கவில்லை, ட்ரிப்ஸும் போடவில்லை. மறுநாள் ஞாயிறு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்ப ஆசைதான்.

குழந்தை நலம். பில் மட்டும் நார்மல் பேக்கேஜைப் போல இரண்டு மடங்கு, ஜெல்லுக்குத் தனி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்த எண்ணை முன்பே பார்த்திருக்கிறேன், அது வேறு யாருக்கோ என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் வலி வரவைக்கும் மருந்தே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தேதி உறுதியாகத் தெரிந்து 41 வாரம் முடிந்துவிட்டால் அந்த மருந்தை வைத்துக்கொள்ளத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஸ்வீடனில் 41 வாரத்தில் மருந்து வைப்பதா, 42 வரை காத்திருப்பதா என்று பார்த்த ஆய்வை, காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 6,000-க்கும் அதிகமான தலைப்பிரசவப் பெண்களை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்விலோ, 39 வாரத்தில் மருந்து வைத்தவர்களுக்கு சிசேரியன் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் விவரம் தெரிந்து ஒப்புக்கொண்டவர்கள், வாரக் கணக்கும் ஸ்கேனை வைத்துச் சரிபார்த்தது. குழந்தை அசைவு குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிரஷர் ஏறினாலோ தேதியெல்லாம் பார்க்காமல் உடனே ஓடுங்கள்.

மற்றபடி, முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன்படி எத்தனை வாரம் என்று கேளுங்கள். நீர் அளவு எத்தனை, பிஷப் ஸ்கோர் எத்தனை, வலி வராவிட்டால் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள், காத்திருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை செக்கப் என்பதையும் கேளுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எண்ணாகச் சொல்லாமல் பயமுறுத்த மட்டும் செய்தால், அதே ஃபைலோடு அரசு மருத்துவமனையிலோ இன்னொரு டாக்டரிடமோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

கேஸ் ஷீட்டை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. "அதெல்லாம் தர மாட்டோம்" என்ற கவுண்டரில் இந்த விதியைச் சொன்னதும் ஜெராக்ஸ் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நாள் கடந்த கர்ப்பம்' என்றே போட்டிருக்கிறார்கள். அதையும் முதல் ஸ்கேனையும் சேர்த்து மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.