விசிஏ: கணக்கு சரி, அந்த சைபர்தான் படுத்துகிறது

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓடும் விசிஏ பேக்கேஜ் (ரிசல்ட்டின் சிதறலில் நாள், ரன், மீதிப் பிழை ஒவ்வொன்றின் பங்கையும் பிரிப்பது) இலவசமாச்சே, லேபுக்கு அதுவே போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு லேப் டெஸ்ட் திரும்பத் திரும்பச் செய்தால் எவ்வளவு சீராக விடை தருகிறது என்று பார்க்கும் இபி05 முறை (20 நாள், தினம் 2 ரன் அதாவது 2 சுற்று, ரன்னுக்கு 2 தடவை, ஆக 80 ரிசல்ட்) செய்தவர்களுக்கான பதில் இது.

கணக்கில் குறையில்லை. 5 நாள், தினம் 5 தடவை செய்த 25 ரிசல்ட்டையும் மொத்தமாக இழுத்து எக்ஸெலில் எஸ்டிடெவ் (திட்ட விலக்கம்) போட்டால், நாட்களுக்கு இடையிலான வேரியன்ஸில் (சிதறலின் அளவு, திட்ட விலக்கத்தின் வர்க்கம்) சுமார் 83 சதவீதம்தான் உள்ளே வரும். விசிஏ அதை ஒழுங்காகப் பிரித்துத் தரும். ரிசல்ட்டுகளை நாள், ரன் வாரியாகப் புள்ளி வைத்துக் காட்டும் வார்பிளாட் படமோ அருமை, 102-ஐ 10.2 என்று அடித்திருந்தால் அந்தப் புள்ளி தனியாகக் கீழே விழுந்து கிடக்கும்.

எரிச்சல் எல்லாம் சைபர் மேல்தான். குளுக்கோஸ் கன்ட்ரோல் (மெஷினைச் சோதிக்கும் மாதிரி), சராசரி 100 என்று வைப்போம். மீன் ஸ்கொயர் (வேரியன்ஸுக்குப் போகும் இடைக்கணக்கு) நாளுக்கு 3.2, ரன்னுக்கு 4.0, பிழைக்கு 2.4. நாளுக்கு 4 ரிசல்ட் என்பதால் நாள் வேரியன்ஸ் (3.2 − 4.0) ÷ 4, அதாவது −0.2. மைனஸில் வேரியன்ஸ் ஏது? விசிஏ அதை 0 ஆக்கிவிடுகிறது. ரன் (4.0 − 2.4) ÷ 2, அதாவது 0.8, பிழை 2.4, மொத்தம் 3.2, சிவி (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம்) 1.79%. மைனஸை அப்படியே விடச் சொல்லும் நெக்விசி என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் மொத்தம் 3.0, சிவி 1.73%. கூடுதலாகச் சொல்வது பாதுகாப்பு, ஒப்புக்கொள்கிறேன். நட்சத்திரக் குறியிட்டு அடியில் குறிப்பும் தருகிறது. ஆனால் அட்டவணையை மட்டும் வெட்டி ரிப்போர்ட்டில் ஒட்டுவார்களே, அங்கே குறிப்பு காணாமல் போகும். படிப்பவர் 'நாளுக்கு நாள் மாற்றமே இல்லை' என்று சந்தோஷப்படுவார். இந்த 80 எண்ணை வைத்து நாளின் பங்கைப் பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான் அந்த 0-க்குப் பொருள்.

விசிஏ-க்குத் தரும் ஃபார்முலாவில் நாளுக்கும் ரன்னுக்கும் நடுவே சாய்கோடு (/) போடாமல் பிளஸ் (+) போட்டாலும் வம்பு. எல்லா நாளின் முதல் ரன்னும் ஒரே கூட்டமாகிவிடும். எரர் எதுவும் வராது, ரிசல்ட் மட்டும் தப்பு. சோடியத்தை 138, 138, 139 என்று முழு எண்ணாக ஏற்றினால் சிதறலின் அளவு ரவுண்டிங்கிலேயே கெட்டுவிடும். மெஷினிலிருந்து ஒரு தசமம் கூடுதலாக எடுங்கள். இது விசிஏ குற்றமில்லை.

இத்தனை புகழ்ந்தும் நண்பருக்குச் சொன்னது: வேண்டாம். அந்த 0-ஐ ஆடிட்டருக்கு விளக்க ஆள் சேர்த்த பிறகு கேளுங்கள்.