நாளைய பெட்ரோல் விலையை இன்றே சொல்லும் ஃபியூவல்வாட்ச்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

பெர்த்தில் கார் வைத்திருப்பவர்கள் மதியம் இரண்டரை மணி ஆனால் ஃபியூவல்வாட்ச் தளத்தைத் திறப்பார்கள். நாளைக்கு எந்த பங்க்கில் என்ன விலை என்று அப்போது தெரிந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2001இல் தொடங்கிய சேவை இது. பங்க்காரர்கள் மறுநாள் விலையை மதியம் 2 மணிக்குள் அரசிடம் சொல்லிவிட வேண்டும். காலை 6 மணிக்கு அது அமலுக்கு வந்தபின் 24 மணி நேரம் மாற்றக் கூடாது, சட்டமே அப்படி.

வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் எனக்குப் பிடித்தது அந்த 24 மணி நேரக் கட்டுப்பாடுதான். இங்கே விலை சுற்றுச் சுற்றாக ஏறி இறங்கும், பல வருடம் அது வாரம் ஒரு சுற்றாக இருந்தது. முன்பு திங்கட்கிழமை மலிவு, பிறகு அது செவ்வாய்க்கு நகர்ந்தது. மறுநாள் காலை லிட்டருக்கு 20 சென்ட்டுக்கு மேல் எகிறுவது சாதாரணம். 50 லிட்டர் டேங்க் என்றால் 10 டாலர் போய்விடும். ஏறப்போகிறது என்பது முந்தின நாள் மதியமே தெரிவதால் வேலை முடிந்து வரும் வழியில் நிரப்பிவிடலாம். தவறவிட்டாலும் பரவாயில்லை, எல்லா பங்க்கும் ஒரே நாளில் ஏற்றுவதில்லை. பட்டியலில் பழைய விலையிலேயே நிற்கிற ஒன்றிரண்டு கண்ணில் படும்.

ஒருமுறை பம்ப்பில் ஓடிய விலை தளத்தில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கவுண்டரில் போனைக் காட்டினேன். அந்தப் பையன் மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தான். வாதாடவே வேண்டியிருக்கவில்லை. கொடுக்காவிட்டால் ரசீதோடு நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம்.

ஆனால் ஃபியூவல்வாட்ச் விலையை நிர்ணயிப்பதில்லை. நாடு முழுக்க விலையைக் கண்காணித்துக் காலாண்டு அறிக்கை வெளியிடும் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது. எல்லார் விலையும் வெளிப்படையாக இருப்பதால், கூடிப் பேசாமலேயே ஒருவரைப் பார்த்து மற்றவர் ஏற்றுவது எளிதாகிறது என்று பெர்த் விலைகளை வைத்தே பொருளாதார ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான விமர்சனம்தான். திரும்பத் திரும்ப வரும் அந்த ஏற்றத்தை இந்தச் சேவையால் நிறுத்த முடியவில்லை.

அப்படியும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். சிட்னியில் இருக்கும் தங்கை ஃபியூவல்செக் பார்க்கிறாள். 2016இல் வந்தது, அந்த நேரத்து விலையைக் காட்டும். ஆனால் விலை எந்த நேரமும் மாறலாம், நாளைக்கு என்ன என்பதும் தெரியாது. பெர்த் முறையை நாடு முழுக்கக் கொண்டுவர 2008இல் மத்திய அரசு முயன்றபோது செனட் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஒருமுறை முயன்று பார்க்கலாம்.