உண்டிவில்: பிடி நல்லது, ரப்பர் மட்டம் (3 ஸ்டார்)

பெரம்பலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடித்தால் கிளியும் மயிலும் இறங்கிவிடும். அதற்காகத்தான் 349 ரூபாய்க்கு ஆன்லைனில் இந்த ஸ்டீல் உண்டிவில். மயிலை அடிக்க இல்லை சாமி, 1972 வன உயிரினச் சட்டம் உள்ளே தூக்கி வைத்துவிடும். வேலியில் தொங்கும் காலி எண்ணெய் டின்னைக் குறிபார்த்து அடித்தால், டங்கென்ற சத்தத்துக்கே எல்லாம் பறந்துவிடும்.

பிடி உள்ளங்கையில் கச்சிதமாக உட்காருகிறது. ரப்பர்தான் மட்டம். மூன்றாவது வாரமே வெயிலில் வெடித்து அறுந்து மணிக்கட்டில் விளாசியது. சின்ன வயதில் கொய்யாக் கவையில் சைக்கிள் ட்யூப்பை வெட்டிக் கட்டி, பிய்ந்த செருப்புத் தோலைக் கோத்துச் செய்த கவட்டை இரண்டு வருஷம் உழைத்தது. இப்போது இதிலும் ட்யூப்தான் கட்டியிருக்கிறேன்.

பெட்டியில் 'கவண்' என்று போட்டிருக்கிறார்கள். தப்பு. கவண் கயிற்றால் ஆனது; நடுவில் கல்லை வைத்துச் சுழற்றி ஒரு நுனியை விட வேண்டும். சங்கப் பாட்டில் தினைப்புனத்துக் கிளியை ஓட்டியது அதுதான். ரப்பர் வில்லெல்லாம் அமெரிக்காக்காரர் சார்லஸ் குட்இயர் 1844இல் ரப்பரைப் பதப்படுத்தக் காப்புரிமை வாங்கிய பிறகு வந்த சரக்கு.

கூடக் கொடுத்த இரும்புக் குண்டுகளைத் தொடவில்லை. பேத்தி களிமண்ணில் வேப்பங்கொட்டை வைத்து உருட்டித் தருகிறாள், ஏரிக்கரையில் அதைத்தான் விடுகிறேன். ஈரமாக வைத்தால் உண்டிவில்லின் தோலிலேயே நசுங்கும். இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள்.