ரப்பர் வாத்தின் வயிற்றுக்குள்: மூன்றரை ஆண்டு அனுபவம்

2021 கடைசியில், எட்டு மாதக் குழந்தையான மகள் தானாக உட்காரத் தொடங்கியபோது, புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் ஆறு குளியல் பொம்மைகள் வாங்கினேன். மஞ்சள் வாத்து, சிவப்பு மீன், ஆமை, நண்டு, என்னவென்று எங்களுக்கே தெரியாத இரண்டு ஜந்துக்கள். எல்லாவற்றுக்கும் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை. அமுக்கினால் கீச்சென்று கத்தும். தண்ணீருக்குள் அமுக்கி விட்டால் உறிஞ்சிக்கொண்டு பீச்சும். அந்த ஆறில் ஒன்றுகூட இன்று எங்கள் குளியலறையில் இல்லை.

வீடு லாஸ்பேட்டையில், மாடிப் பகுதி. போர்த் தண்ணீர், வாளி விளிம்பில் மாதம் ஒருமுறை உப்பைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். கடற்கரை ஊர் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் துண்டு காய்வதற்கே இரண்டு நாள் ஆகும். நான் சொல்லப்போகிற எல்லாமே இந்தத் தண்ணீருக்கும் இந்தக் காற்றுக்கும் பொருந்தியவை என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் நான்கு மாதம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. குளியல் முடிந்ததும் பொம்மைகளை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, ஜன்னல் திட்டில் வரிசையாக வைப்பேன். வெளியே பளபளவென்றுதான் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலின் கடைசிச் சொம்பை ஊற்றும்போது மகள் வாத்தை என் பக்கம் திருப்பிப் பீச்சினாள். தண்ணீரோடு, மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்தது போலக் கறுப்புத் துணுக்குகள் புடவையில் விழுந்தன.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒரு நிமிடம் பார்த்தார். வாத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்துவிட்டார். உள்சுவரெங்கும் கறுப்புத் திட்டுகள். விரலால் தொட்டால் வழுக்கியது. அலகின் மூலையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்த பிறகுதான் புரிந்தது: பயத்தமாவு. சோப்புப் போடாமல் வாரம் மூன்று நாள் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டியது நான்தான்.

"நான்கு மாதமாக இதற்கும் சோறு போட்டு வளர்த்திருக்கிறாயம்மா" என்றார் அத்தை. அரிவாள்மனையைக் கொதிநீரில் கழுவும் வேலை எனக்கு வந்தது.

அவர் சொன்னதில் இருந்த உண்மை அப்புறம் படிக்கும்போதுதான் உறைத்தது. சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆய்வு நிறுவனமும், சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. வீடுகளில் புழங்கிய 19 குளியல் பொம்மைகளை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றின் உள்ளேயும் நுண்ணுயிர்ப் படலம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 லட்சம் முதல் ஏழரைக் கோடி வரை நுண்ணுயிர்கள். பத்தில் ஆறு பொம்மைகளில் பூஞ்சை. எனக்கு முக்கியமாகப் பட்டது காரணம்தான். வளைந்துகொடுக்கும் மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கரிமப் பொருள் தண்ணீரில் கசிகிறது; அது நுண்ணுயிர்களுக்கு உணவு. மீதிச் சத்து குழந்தையின் வியர்வை, சிறுநீர், நாம் தேய்க்கும் பொருள்கள் வழியாகப் போய்ச் சேர்கிறது. அவர்கள் ஊரில் சோப்பு. எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் பயத்தமாவும்.

இதைப் படித்து யாரும் நடுங்க வேண்டாம். நான் நடுங்கினேன், அது வேறு விஷயம். 2021-இல் மருத்துவமனைகளிலிருந்து கேட்ட கறுப்புப் பூஞ்சை என்ற சொல் அப்போது காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த நோய்க்கான பூஞ்சை வேறு, ஈரச் சுவரிலும் பொம்மையிலும் படரும் இந்தக் கறுப்பு வேறு. ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பீச்சும் பொம்மையின் தண்ணீர் நேராகக் கண்ணுக்கும் காதுக்கும் வாய்க்கும் போகிறது என்பதுதான் சங்கடம். என் மகள் அதைக் குடிக்கவும் செய்தாள்.

மிச்சம் ஐந்து பொம்மைகளைக் காப்பாற்ற நான் பட்ட பாடு இனி.

கொதிநீரில் போட்டதில் நண்டு கோணிக்கொண்டது, ஆமையின் தையல் வாய் பிளந்தது. அதோடு அந்த முறை முடிந்தது.

அடுத்தது வினிகர். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு. ஊசி இல்லாத சிரிஞ்சால் ஓட்டை வழியாக ஏற்றி, அரை மணி ஊறவைத்துக் குலுக்கி அலசினால் ஐந்தாறு அலசல் வரை கறுப்பு வந்துகொண்டே இருந்தது. வீடெல்லாம் ஊறுகாய் ஜாடி திறந்த வாசனை. மூன்று வாரம் நிம்மதி, பிறகு மறுபடியும் துணுக்குகள். வினிகரைக் குறை சொல்ல மாட்டேன்: போர்த் தண்ணீர் உப்பைக் கரைப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. படலத்தை வேரோடு எடுக்க அதனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு பிளீச்சிங் பவுடர், மளிகைக் கடைப் பொட்டலம். அதன் சுண்ணாம்பு மண்டி மீனின் வயிற்றில் தங்கி, ஒரு வாரத்துக்கு வெள்ளைத் தண்ணீர் பீச்சியது. திரவ பிளீச் பரவாயில்லை என்று வாங்கினேன். இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முந்தின நாள் வினிகர் ஏற்றிய பொம்மையைச் சரியாக அலசாமல் பிளீச்சை ஏற்றிவிட்டேன். தொண்டை சுரீரென்று எரிந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே ஓடினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் பிழைத்தேன். இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். ஒரே பொம்மையில், ஒரே வாளியில் இரண்டும் வேண்டாம், நாள் கடந்திருந்தாலும். பிளீச் கறுப்பை வெளுக்கவைத்தது உண்மை. வெளுத்த பிறகும் உள்ளே வழுவழுப்பு அப்படியே இருந்ததும் உண்மை. அதைக் கத்தரித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

புதிதாக நான்கு பொம்மை வாங்கி, தண்ணீரைக் காட்டுவதற்கு முன்பே ஓட்டையைச் சூடான பசைத் துப்பாக்கியால் அடைத்தேன். இது வேலை செய்தது. ஐந்து மாதம் ஒரு துணுக்கு கூட இல்லை. பிறகு ஒரு நாள் மகள் உள்ளங்கையில் பட்டாணி அளவுக்கு எதையோ வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அது அந்தப் பசை உருண்டை. வாயில் போட்டுக்கொள்ளும் வயது. அன்றே நான்கையும் குப்பையில் போட்டேன்.

ஓட்டைதான் வில்லன் என்பதற்குப் பசிபிக் கடலே சாட்சி. 1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போன கப்பலிலிருந்து பெட்டகங்கள் கடலில் விழுந்து, ஒன்றிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் மிதக்கத் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் மிதந்து கரைகளில் ஒதுங்கின. அவற்றில் ஓட்டை கிடையாது; தண்ணீர் உள்ளே போகவே இல்லை. நம் தேவனாம்பட்டினக் கரையில் ஒதுங்கியிருந்தால் அவற்றைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

உலர்த்துவது பற்றி ஒரு கணக்கு. நன்றாக அமுக்கிப் பிழிந்த மீனைச் சமையல் தராசில் வைத்தேன்: புதிதில் இருந்ததைவிட நான்கு கிராம் கூடுதல். மூன்றாம் நாளும் இரண்டு கிராம் மீதி. நாம் தினமும் குளிப்பாட்டுகிறோம். அது காய்வதே இல்லை. மொட்டை மாடி வெயிலில் போட்டுப் பார்த்தேன். அக்கினி நட்சத்திரத்தில் நிறம் வெளுத்து, தொட்டால் கையில் ஒட்டியது. நிழலும் காற்றும்தான் சரி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. பொம்மைகளை யார் நினைப்பார்கள்? மூன்றாம் நாள் குளியலறை மூலையில் இருந்த வாளியைத் திறந்தபோது, சுவரில் ஒட்டும் நுரை எழுத்துகளின் பின்புறமெல்லாம் இளஞ்சிவப்பு வழுக்கல். அவை மொத்தமாகப் போயின. அதே வாளியில் கிடந்த அடுக்குக் கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவினேன்; இன்றும் ஓடுகின்றன.

அந்த அடுக்குக் கிண்ணங்கள்தான் மூன்று ஆண்டு தாண்டி நிற்கும் ஒரே பிளாஸ்டிக். கெட்டியான வகை, வாய் அகலம், அடியில் மழைபோல ஒழுக ஓட்டைகள். என் விரல் எல்லா மூலைக்கும் போகிறது. வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் திரவமும் பிரஷும், மாதம் ஒருமுறை உப்புக்கு வினிகர். குளியல் முடிந்ததும் கொசுவலைத் துணியில் தைத்த பையில் போட்டுப் பால்கனியில் மாட்டிவிடுகிறேன். பிற்பகல் கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மற்றபடி எவர்சில்வர் சொம்பு, விளிம்பு மடித்த டபரா, பழைய டீ வடிகட்டி. கொட்டாங்கச்சி இயற்கையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரே வாரத்தில் பூத்துவிட்டது.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்த்து வாங்குங்கள். ஆனால் அது பொம்மையின் பாதுகாப்பைப் பேசும்; ஓட்டைக்குள் நாம் விடும் பயத்தமாவைப் பற்றிப் பேசாது.

போன மாதம் மறுபடியும் ஞாயிற்றுச் சந்தைக்குப் போனேன். ஒவ்வொரு வாத்தாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். ஓட்டை இல்லாதது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓட்டை இருந்தால்தானே அம்மா கத்தும்?" என்றார்.

தேடிப் பிடித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மகள் அதை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தாள். கத்தவில்லை. ஓரமாக வைத்துவிட்டு வடிகட்டியை எடுத்துக்கொண்டாள்.