சிறுவர் இல்லத்துக்குப் பின்: வெள்ளவத்தை இடைக்கால விடுதி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

18 வயது நிறைவடைந்து சிறுவர் இல்லங்களை விட்டு வெளியேறும் பெண் பிள்ளைகளுக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் இடைக்கால விடுதி நடத்தப்படுகிறது. அங்கு வழிகாட்டியாகச் சென்று வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தங்கியிருப்போரின் பாதுகாப்பு கருதி விடுதியின் பெயரையும் வீதியையும் குறிப்பிடவில்லை.

இவ்விடுதியின் ஆகப்பெரிய பயன், அது ஒரு பிள்ளைக்கு முகவரி ஒன்றைத் தருவதுதான். தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் வசிப்பிடம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு முதல் வேலை வரை எல்லாமே தடைப்படும். பெற்றோரின் விபரம் தெரியாத பிள்ளை, பிரதேச செயலகத்தில் ஒவ்வொரு மேசையிலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்வது கொடுமையானது. இங்கே பொறுப்பாளர் அக்கா கோப்புடன் கூடவே போகிறார், பேச வேண்டியதை அவரே பேசுகிறார். பின்னர் வாடகை அறை தேடும்போதும் அவரே துணை. “அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது?” என்று கேட்காத வீட்டுக்காரர் கொழும்பில் அரிது, முற்பணம் கையில் இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கதவு மூடப்படுவதை நேரில் கண்டிருக்கிறேன்.

சமையலறை எனக்கு மிகவும் பிடித்த இடம். மலையகத்து இல்லமொன்றில் வளர்ந்து வந்த ஒரு பிள்ளைக்குப் பெரிய கிடாரத்தில் பருப்புக் கறி வைக்கத் தெரிந்திருந்தது. தனக்கு மட்டும் எத்தனை சுண்டு அரிசி போட வேண்டும் என்பது தெரியவில்லை. மணி அடித்துச் சாப்பிட்ட பிள்ளைகள் பசிக்கும் நேரத்தில் தாமே எழுந்து சமைக்கப் பழக வேண்டியிருக்கிறது. அதனால் இங்கு பொதுச் சமையல் கிடையாது. வாரச் செலவுக்குப் பணம் கொடுத்து, சந்தைக்கு அனுப்பி, மீன்காரருடன் விலை பேசவும் விடுகிறார்கள். வியாழக்கிழமையே பணம் தீர்ந்துவிட்டால் யாரும் திட்டுவதில்லை. கணக்குக் கொப்பியை விரித்து ஒன்றாக உட்காருகிறார்கள்.

சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்பிப்பதும் பாராட்டத்தக்கது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் சேர வேண்டும் என்பதை அறிந்த பிள்ளையை ஏமாற்றுவது எளிதல்ல.

குறைகளும் உண்டு. இரவு 7 மணிக்கு வாயிற்கதவு மூடப்படுகிறது. காலி வீதிப் புடவைக் கடைகளில் வேலை செய்பவர்கள் அந்நேரத்துக்கு 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வந்து சேர முடியாது. இதனாலேயே நல்ல வேலையொன்றை ஒரு பிள்ளை கைவிட்டாள். பாதுகாப்பு அவசியம், ஆனால் வேலை நேரத்துக்கு ஏற்ப விதி வளைய வேண்டும். சிங்கள வகுப்பு வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே என்பதும் கொழும்பில் வேலை தேடுவோருக்குப் போதாது.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது, ஒரு வருடத்துடன் தொடர்பு அறுந்துவிடுவது. பெற்றோரின் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு தொடர்பாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்கள், பிள்ளை வெளியேறுவதற்கு வெகு முன்பே பிந்திய பராமரிப்புக்கான, அதாவது வெளியேறிய பின் தொடரும் ஆதரவுக்கான, ஆயத்தம் தொடங்க வேண்டும் என்றும், இயன்றவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கெனத் தேர்ந்த ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. விடுதி அப்படியொருவரை ஒரு வருடத்துக்கு மட்டுமே தருகிறது. காய்ச்சலில் படுத்தாலும், வேலை பறிபோனாலும், பெண் பார்க்க வந்தாலும், 20 வயதில் யாரை அழைப்பது? தீபாவளிக்கு எங்கே போவது? பழைய பிள்ளைகள் வந்து ஓரிரு நாள் தங்க ஓர் அறையையாவது ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இந்தக் குறைகளுடனும் இவ்விடுதியை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் இல்லப் பொறுப்பாளர்கள் பிள்ளைக்கு 17 வயதாகும்போதே விடுதியைத் தொடர்புகொள்ள வேண்டும். வெளியேறும் நாளில் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் அவளுடைய கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.