வீட்டுக் கடன் ஏஜென்ட் எழுதித் தரும் மாதத் தவணையை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

வீடு வாங்கப் போகிறவர்கள், அதுவும் முதல் வீடு என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு வீட்டை விற்றவர்கள் கூடவே ஒரு கடன் ஏஜென்டையும் அறிமுகப்படுத்தினார்கள், நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார் என்றார்கள். அவர் கொடுத்த ஒரே ஒரு தாளை வைத்துத்தான் இந்த வீடு நமக்குக் கட்டுப்படியாகும் என்று முடிவு செய்தோம். கடைசியில் கடன் ஒப்பந்தத்தில் வந்த தவணைக்கும் அந்தத் தாளில் இருந்த தவணைக்கும் சம்பந்தமே இல்லை.

தாளின் நடுவில் மாதத் தவணை பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது, அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் வேறு. 20 வருஷத்துக்குத்தானே, இதற்கு மேல் ஏதாவது கட்ட வேண்டி வருமா என்று நேராகவே கேட்டேன். "அதேதான் சார், எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்" என்றார். என் மனைவியும் பக்கத்தில்தான் இருந்தார். அது பச்சைப் பொய்.

அவர் போட்டிருந்தது 30 வருஷக் கணக்கு. வட்டியும் முதல் ஒரு வருஷத்துக்கு மட்டும் தருகிற சலுகை வட்டி, 6.5 சதவீதம். அதன் பிறகு 8.5. ஒரு லட்சம் கடனுக்கு என்று வைத்துப் பார்த்தால் புரியும்: 6.5 சதவீதம், 30 வருஷம் என்றால் மாதம் சுமார் 632. நாங்கள் கேட்ட 20 வருஷத்துக்கு, உண்மையான 8.5 சதவீதத்தில் 868. உங்கள் கடன் எத்தனை லட்சமோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள், மாதா மாதம் எவ்வளவு துண்டு விழும் என்று தெரிந்துவிடும். காலத்தை இழுத்தால் தவணை குறையத்தான் செய்யும், ஆனால் அதே 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு மொத்த வட்டி சுமார் 1,08,000, 30 வருஷத்துக்கு 1,76,000க்கும் மேல். வாங்கிய கடன் என்னவோ அதே ஒரு லட்சம்தான்.

மாறும் வட்டி என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். வட்டி ஏறினால் தவணை ஏறுமா, அல்லது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டுவார்களா? இரண்டாவது வகையில் மாதச் செலவு மாறாததால் யாருக்கும் உறைப்பதில்லை. ஆரம்பத்திலேயே 8.5 என்பது 9.5 ஆகி, அதே 868ஐக் கட்டிக்கொண்டே போனால், 20 வருஷக் கடன் முடிய ஏறக்குறைய 25 வருஷமும் 9 மாதமும் ஆகும். ஒரு சதவீதம்தானே என்று ஏஜென்ட் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் காப்பீடு. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன வண்ணச் சீட்டு ஒட்டி ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். நடுவில் ஒரு படிவம் மட்டும் வேறு தாளில் இருந்தது, எடுத்துப் பார்த்தால் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம். ஒரே தவணையில் கட்டும் பிரீமியம், அதையும் கடனோடு சேர்த்துவிடுவார்களாம். கட்டாயம் என்றார். எந்த விதி என்று எழுதிக் கொடுங்கள் என்று என் மனைவி கேட்டதும் ஒன்றும் பேசாமல் அந்தப் படிவத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். கட்டடத்துக்குக் காப்பீடு கேட்பது பல இடங்களில் வழக்கம்தான், அதைச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தேவை என்றால் தனியாக எடுங்கள். கடனில் ஏற்றிவிட்டால் அந்தப் பிரீமியத்துக்கும் 20 வருஷம் வட்டி கட்டி, 8.5 சதவீதத்தில் ஒன்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து முடிப்பீர்கள்.

"எல்லாம் சேர்த்து" என்ற கணக்கில் சொத்து வரி இல்லை, கட்டடக் காப்பீடு இல்லை, பராமரிப்புக் கட்டணம் இல்லை. பதிவுச் செலவு, வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கடன் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் கைக்காசிலிருந்து போனது. இவற்றை வீட்டு விலையோடு சேர்க்காமல் முன்பணத்தை மட்டும் சேமித்து வைத்திருப்பவர்கள் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்கப் போகிறார்கள், இது எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் நடந்தது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? கடன் தொகையை ஆண்டு வட்டிச் சதவீதத்தால் பெருக்கி, 100ஆலும் பிறகு 12ஆலும் வகுத்தால் முதல் மாத வட்டி வரும். ஒரு லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 708. தவணை 868 என்றால் முதல் மாதம் அசலில் குறைவது வெறும் 160. இந்த வட்டியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ ஒரு தவணையைக் காட்டினால் அசல் அடையவே அடையாது, வட்டியிலோ காலத்திலோ எதையோ மறைக்கிறார்கள். நிலையான வட்டி 5 சதவீதம்தான் என்று ஆசை காட்டினால், மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டியா, முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டியா என்று கேளுங்கள். 20 வருஷத்துக்கு முழுத் தொகைக்கும் 5 சதவீதம் என்பது குறையும் அசலில் கிட்டத்தட்ட 8 சதவீதத்துக்குச் சமம்.

அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று வீட்டை விற்றவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்ததால் வீட்டை விட முடியவில்லை. வேறொரு வங்கிக்கு நேரில் போய் 20 வருஷத்துக்குக் கடன் வாங்கினோம். முதலில் கட்டிய பரிசீலனைக் கட்டணம் போனது போனதுதான். புகார் கொடுத்தபோது, ஏஜென்ட் வாயால் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று பதில் வந்தது. அதற்கும் மறுப்பு எழுதி, வட்டம் போட்ட அந்தத் தாளின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஒரு தாளை நீட்டினால், வட்டி, காலம், சலுகை முடியும் தேதி, சேர்த்திருக்கும் கட்டணங்கள் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அது வரும்வரை ஒரு காசும் கொடுக்காதீர்கள்.